கூண்டைக் குலுக்காமல் ஓடியவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது அவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுவார்கள். உடனே எனக்கு போன் வரும். "என்னையப் பத்தியெல்லாம் எதுக்கு தம்பி, உங்களுக்கு எம்புட்டு வேலை கிடக்கும்" என்று எனக்காக வருத்தப்படுவார். அதனால் சார் என்றே சொல்கிறேன். அப்படித்தான் கூப்பிட்டேன்.

நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் தன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, கக்கத்தில் ஒரு போர்வை மூட்டையை இடுக்கியிருந்தார். பட்டப்பகல். தல்லாகுளத்தில் மாடியில் ஒரு ரூம் வாடகைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அரசுத் தேர்வுக்குப் படிக்கிற புத்தகப் பையோடு நான் தெருவில் நிற்கிறேன். 'திருடன்' என்று கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க தம்பி, ரூம் பாக்கவா? கேட்டு சும்மா சாத்தித்தான் இருக்கு, தள்ளிக்கிட்டு உள்ள போய் உக்காருங்க. ஒரு நிமிசம், திருடிட்டு வந்துர்றேன்."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மாவின் குரல் கேட்டது. "பேசாதீங்க! திருடன் போற வழியில எல்லாம் பேசிக்கிட்டா போவான்?"

"ரூம் பாக்க வந்திருக்காரும்மா. பாவம், வெயில்ல நிக்கிறாரு."

"நீங்க மொதல்ல மூட்டையோட குதிங்க!"

அவர் குதிக்கவில்லை. மூட்டையை என்னிடம் நீட்டி, "கொஞ்சம் பிடிங்க தம்பி" என்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். இறங்கியதும் சுவரில் தன் கால் பட்டு உதிர்ந்த சுண்ணாம்பைக் காலாலேயே ஓரமாக ஒதுக்கினார். ஜன்னலில் அந்த அம்மாவின் முகம் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். புத்தகம் எழுதுகிறவர்கள் என்றால் பெரிய மேசை, தனி அறை, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றெல்லாம் மனசுக்குள் ஒரு படம் வைத்திருந்தேன். நான் நேரில் பார்த்த முதல் எழுத்தாளர் தன் புருஷனைச் சுவரேற விட்டு, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறார் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா, நானும் அம்மா என்றுதான் கூப்பிட்டேன், சரித்திர டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சார் தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா எழுதியது நாயக்கர் காலத்துத் துப்பறியும் நாவல்கள். சோழவந்தான் வெற்றிலையை மதுரைக்குக் கொண்டுவந்து விற்கிற உடையப்பன், அவன் பெண்டாட்டி அங்கம்மா. அரண்மனையில் ஏதாவது காணாமல் போகும். காவலர்கள் கையைப் பிசைவார்கள். இவர்கள் இரண்டு பேரும் வெற்றிலைக் கூடையோடு உள்ளே நுழைந்து கண்டுபிடித்துவிடுவார்கள். அங்கம்மா யோசிப்பாள், உடையப்பன் பேச்சுக் கொடுப்பான். பாதி நேரம் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டிருப்பார்கள். காவலர்கள் திருடனை மறந்துவிட்டு இவர்கள் சண்டையை வேடிக்கை பார்ப்பார்கள்.

அம்மாவுக்கு ஒரு பிடிவாதம். எதையும் செய்து பார்க்காமல் எழுத மாட்டார். மூட்டையோடு சுவரேறலாமா, கைக்கட்டோடு தாழ்ப்பாளைத் திறக்கலாமா, எல்லாவற்றையும் வீட்டில் நடத்திப் பார்த்துவிட வேண்டும். நடத்துவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. அதற்குத்தான் சார். திருடன், கொலைகாரன், ஒற்றன், துரோகி என்று எல்லா வேஷமும் அவருக்குத்தான்.

சிக்கல் என்னவென்றால், சாருக்குக் கெட்டவனாக இருக்கத் தெரியாது. முயற்சி செய்வார், ஆனால் வராது.

தளபதிக்குப் பாலில் விஷம் வைக்கிற காட்சி. அம்மா நாற்காலியில் தளபதியாக உட்கார்ந்திருக்கிறார். சார் அடுப்படியில் விஷத்துக்குப் பதில் சீனியைப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் டம்ளரை நீட்டாமல் நின்று ஆற்ற ஆரம்பித்துவிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"சூடா இருக்கும்மா. நாக்கு சுட்டுரும்."

"சாகப் போறவனுக்கு நாக்கு சுட்டா என்ன, சுடாட்டி என்ன?"

"அது சரிதான். இருந்தாலும் கையில குடுக்குறப்ப அப்படிக் குடுக்கலாமா?"

இன்னொரு நாள் ஒற்றன் வேஷம். தெருவில் போகிற யாரையாவது அவருக்குத் தெரியாமல் பின்தொடர்ந்து போய், அவர் எங்கே போகிறார் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். சார் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். வெகுநேரம் ஆளைக் காணோம். அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். கடைசியில் சார் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து சேர்ந்தார்.

"பாவம்மா, ரெண்டு கையிலயும் பையி. பெருமாள் கோயில் தாண்டுனதும் மூச்சு வாங்குனாரு. ஒரு பைய நான் வாங்கிக்கிட்டேன். கோர்ட்டுல வேலை பாக்குறாராம். மூத்த பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறாங்களாம், நல்ல இடம் இருந்தா சொல்லணும். பழம் அவங்க வீட்டுல குடுத்தது."

"அவருக்குத் தெரியாம போகச் சொன்னேன்!"

"தெரியாமத்தாம்மா போனேன். பாதி வழி வரைக்கும்."

அரண்மனைக் காவலாளியாகக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னால், மறு கையில் காபி டம்ளர் இருக்கும். "நாயக்கர் காலத்துல காபி கிடையாது, கீழ வைங்க" என்று டீச்சர் அதட்டுவார். அவர் அவசரமாக ஒரே மடக்கில் குடித்துவிட்டு நாயக்கர் காலத்துக்குத் திரும்புவார்.

எனக்கும் வேலை உண்டு. சார் திருடன் என்றால் நான் காவலன். படிக்கிற பையனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அம்மாவுக்குத் தோன்றும். ஆனால் மாடிப்படி வரை வந்து, "தம்பி, படிக்கிறீங்களா? சரி படிங்க, படிங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார். நான் புத்தகத்தை மூடிவிட்டு வருவேன். காவலனாக இருந்து பிடித்தபோதெல்லாம் சார் என் கையைத் தட்டிக்கொடுத்து, "நல்லா ஓடுறீங்க தம்பி" என்பார். பிடிபட்ட திருடன் சொல்கிற வசனமா அது?

இதனால் அம்மாவுக்கு ஒரு கஷ்டம் வந்தது. சார் செய்து காட்டியது எதையும் கதையில் வைக்க முடியவில்லை. பாலை ஆற்றிக் கொடுக்கிற கொலைகாரனை யார் நம்புவார்கள்? அதனால் அதையெல்லாம் அடித்துவிட்டு, தானாகவே கற்பனை செய்து எழுதினார். கற்பனையில் வந்த திருடர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தார்கள். சிவந்த கண், முறுக்கிய மீசை, ஓரப் பார்வை.

புத்தகம் போட்டவர் காஜிமார் தெருப் பக்கம் சின்னதாகப் பதிப்பகம் வைத்திருந்த ஒரு பாய். முதல் இரண்டு புத்தகங்கள் போட்டிருந்தார். மூன்றாவதைப் பற்றிப் பேச வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், காபியைக் குடித்து முடித்த பிறகுதான் சொன்னார்.

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உடையப்பனும் அங்கம்மாவும் பேசிக்கிறது எங்க வீட்டுல எல்லாருக்கும் பிடிக்கும். ஆனா திருடன் வந்ததுமே தெரிஞ்சு போகுது. எட்டாவது படிக்கிற எம் பேத்தி மொத அத்தியாயத்துலயே சொல்லிர்றா, வாப்புச்சா, இந்தா மீசை வந்துட்டான், இவன்தான் திருடன்னு. இதுவும் அப்படி இருந்துச்சுன்னா என்னால போட முடியாதும்மா. கடைக்காரங்க வாங்க மாட்டேங்குறாங்க."

அவர் போன பிறகு அம்மா காபி டம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்தார். அப்புறம், "இதோட நிறுத்திக்கிர வேண்டியதுதான்" என்றார்.

அன்று சாயங்காலம் சார் மொட்டைமாடிக்கு வந்தார். துணி எடுக்க வந்ததாகச் சொன்னார். கொடியில் துணியே இல்லை.

"ரிட்டயர் ஆன புதுசுல எப்படி இருந்தோம் தெரியுமா தம்பி? பொண்ணு கல்யாணமாகிப் போயிருச்சு. அவ ஒரு ரூமு, நான் ஒரு ரூமு. அவ டிவி பாப்பா, நான் பேப்பர் படிப்பேன். சாப்பிட வாங்கம்பா, போவேன். அம்புட்டுத்தான் பேச்சு. சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒருநாள் வந்து வாசப்படியில நின்னு, 'ஏங்க, கொஞ்சம் திருடனா நில்லுங்க'ன்னா. அன்னையிலருந்துதான் வீடு வீடா இருக்கு. பாய் வேண்டாம்னுட்டா மறுபடியும் ஆளுக்கொரு ரூமுதான்."

வெறும் கொடியை இழுத்துச் சரிசெய்துகொண்டே, "நாந்தான் ஒழுங்கா திருட மாட்டேங்குறேன்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மூன்றாவது கதை ராணியின் கிளியைப் பற்றியது. பேசுகிற கிளி. அது கூண்டோடு காணாமல் போகிறது. என்னென்ன ரகசியத்தைக் கேட்டு வைத்திருக்கிறதோ, யாரிடம் போய் என்னத்தைச் சொல்லுமோ என்று அரண்மனையே நடுங்குகிறது. திருடன் மதுரையிலிருந்து தப்பி, சோழவந்தான் கொடிக்காலுக்குள் ஓடி மறைகிறான். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். என் அப்பா வேலை பார்ப்பது அங்கேதான். "எங்க ஊருக்கு வாங்கம்மா, அங்கயே ஓடிப் பாத்துரலாம்" என்றேன். நிறுத்தப் போகிறேன் என்று சொன்னவர் மறுநாள் காலையில் எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றார்.

வாய்க்கால் கரையில் அம்மா இடம் குறித்தார். சார் கையில் கூண்டுக்குப் பதிலாக ஒரு ஒயர் கூடை, உள்ளே தக்காளி. நானும் அம்மாவும் துரத்துகிற காவலர்கள். எதிரே கொடிக்கால், அகத்தி மரங்களில் வெற்றிலைக் கொடி ஏறி, உள்ளே பச்சையாக இருட்டிக் கிடந்தது. வாசல் பக்கம் வேலைக்கு வந்தவர்களின் செருப்புகள் கிடந்தன. அப்பா தலையில் துண்டோடு வெளியே வந்து பார்த்தார்.

"யாருடா அது? பெரிய மனுசன் எதுக்கு இப்படி ஓடியாராரு?"

"திருடன்ப்பா."

"யாரு, இவரா?" அப்பா நம்பவில்லை.

சார் ஓடி வந்தார். ஓட்டம் என்றால் ஓட்டமா அது? கூடையை மார்போடு அணைத்து, ததும்பத் ததும்பத் தண்ணீர்க்குடம் கொண்டுவருகிறவர் மாதிரி வந்தார்.

"வேகமா ஓடுங்க!" அம்மா பின்னாலிருந்து கத்தினார்.

"கிளி குலுங்குதும்மா!"

"உள்ள இருக்கிறது தக்காளி!"

"நீதானம்மா கிளின்னு சொன்ன!"

இப்படியே கத்திக்கொண்டு கொடிக்கால் வாசலுக்கு வந்தவர், சட்டென்று நின்றார். கூடையைப் பக்குவமாகத் தரையில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். இரண்டையும் ஜோடியாக ஓரத்தில் வைத்தார். கூடையை எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்து, "உள்ள வரலாமாண்ணே?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மூச்சு வாங்க வந்து நின்று, இடுப்பில் கையை வைத்தார்.

"உசிருக்குப் பயந்து ஓடுறவன் நின்னு செருப்பக் கழட்டுவானா? அனுமதி கேப்பானா?"

"எல்லாரும் கழட்டிப் போட்டிருந்தாங்கம்மா. நான் மட்டும் எப்படி மிதிச்சுக்கிட்டுப் போறது?"

அப்பா குறுக்கே வந்தார். "அதுல என்னம்மா தப்பு? கொடிக்காலுக்குள்ள செருப்போட எவன் போவான்? கோயில் மாதிரில்ல. எங்க ஆளுகள எமனே துரத்துனாலும் கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போவான். அசலூர்க்காரன்னா தெரியாம மிதிச்சிருவான்."

அம்மா ஏதோ திட்ட வாயெடுத்தவர், மூடிக்கொண்டார். சாரின் செருப்பைப் பார்த்தார். கரைப் பாதையின் ஓரத்தில் அவை யாரோ விருந்துக்கு வந்த வீட்டின் முன் விட்ட மாதிரி ஒழுங்காக இருந்தன. ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏங்க," என்றார். குரல் மாறியிருந்தது. "மறுபடியும் ஓடுங்க. எதையும் மாத்தாதீங்க. அப்படியே ஓடுங்க."

சார் அப்படியே ஓடினார். அப்படியே நின்றார். அப்படியே கழற்றி வைத்தார். அம்மா அவர் பின்னாலேயே போய்ப் போய்ப் பார்த்தார். அவ்வளவு காலமாக வீட்டில் இருந்த ஆளை அன்றுதான் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே கதையைச் சொல்லிவிட்டார். காவலர்கள் வடக்கேயிருந்து வந்த சிவந்த கண் சிப்பாய் ஒருவனைச் சந்தேகப்படுகிறார்கள். அங்கம்மா மட்டும் கொடிக்கால் வாசலில் ஜோடியாகக் கிடந்த செருப்பைப் பார்க்கிறாள். ஓடுகிற அவசரத்திலும் கழற்றியிருக்கிறான் என்றால் கொடிக்கால் தெரிந்தவன். ஜோடியாக வைத்திருக்கிறான் என்றால் ரொம்ப நல்லவன். அப்படி ஒரு நல்லவன் நம்ம ஊரில் யார்? முதல் அத்தியாயத்திலிருந்து உடையப்பனுக்கும் அங்கம்மாவுக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருக்கிறாரே, அந்த மனிதர்! சார் பக்கத்து சீட்டில் தக்காளிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "அட, நானா?" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் எதுவும் வீணாகவில்லை. பால் ஆற்றியதும் பை தூக்கியதும் எல்லாம் கதைக்குள் போயின. சார் என்ன செய்தாலும் அம்மா பேனாவோடு பின்னால் போனார். சாருக்குக் கூச்சம் தாங்கவில்லை.

பாய் படித்துவிட்டு போன் செய்தார். பேத்தியால் கண்டுபிடிக்க முடியவில்லையாம். ஆனால் ஒன்று சொன்னார். "கடைசியில திருடனுக்குத் தண்டனையே இல்லையே டீச்சரம்மா? அங்கம்மா கண்டுபிடிச்சிட்டு சும்மா விட்டுட்டுப் போயிர்றா. படிக்கிறவங்க ஒத்துக்க மாட்டாங்க. தண்டனை எழுதிக் குடுங்க, அச்சுக்கு அனுப்பிர்றேன். இல்லாட்டி சிரமம்."

அம்மாவால் எழுத முடியவில்லை. கசையடி என்று எழுதுவார், அடித்துவிடுவார். சிறை என்று எழுதுவார், அதையும் அடித்துவிடுவார். அந்த மோர்க்காரருக்கு சாரின் நடை, சாரின் சிரிப்பு எல்லாம் வந்துவிட்டது. அவரைப் போய் எப்படி அடிக்கச் சொல்வது? சாப்பாடு இறங்கவில்லை. தனி ரூமில் போய் உட்கார்ந்துகொண்டார். டிவி சத்தம் கேட்டது.

சார் அந்த ரூம் வாசலில் போய் நின்றார். "தண்டனைய குடுத்துரும்மா. நான் நிக்கிறேன், வா."

ஹாலில் விசாரணை நடந்தது. அம்மா நாற்காலியில் நாயக்கராக உட்கார்ந்தார். காவலன் நான். துண்டால் சாரின் கையைக் கட்டினேன். "இறுக்கியே கட்டுங்க தம்பி, வலிக்கல" என்றார்.

"குற்றவாளியே, ராணியாரின் கிளியை எதற்காக அபகரித்தாய்?" என்று அம்மா கேட்டார்.

இதற்குப் பதில் எழுதப்பட்டிருக்கவில்லை. சார் கொஞ்சம் யோசித்தார்.

"மோர் குடுக்க அரண்மனைக்குப் போவேங்க. அந்தக் கிளி தாவாரத்துல தனியா தொங்கும். யாரு போனாலும் பேசும். ஒருத்தரும் நின்னு பதில் சொல்ல மாட்டாங்க. பதில் சொல்ல ஆள் இல்லாத வீட்டுல அது எதுக்குப் பேசிக்கிட்டு இருக்கணும்னு தோணுச்சு. கொண்டுபோய் கொடிக்கால்ல வச்சுத் தொறந்து விட்டுட்டேங்க."

நான் தரையைப் பார்த்தேன். நாயக்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டபோது செந்தமிழ் போய்விட்டிருந்தது.

"கிளிய எடுத்துட்டீங்கள்ல? அப்ப அந்த ராணிக்குப் பேச்சுத் துணைக்கு யாரு? இனிமே நீங்கதான் தெனமும் வந்து அவகூட உக்காந்து பேசணும். அதுதான் தண்டனை."

"எம்புட்டு நாளைக்கு?"

"கிளி திரும்பி வார வரைக்கும்."

"அது வராதேம்மா. நான்தான் பறக்க விட்டுட்டேனே."

"அப்ப ஆயுசு பூரா" என்றார் அம்மா. உடனே எழுந்து போய் எழுத உட்கார்ந்துவிட்டார். சாரின் கையை அவிழ்த்துவிட யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்காமல் கட்டோடு நின்று, அம்மா எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தண்டனையைப் படித்துவிட்டு பாய் போனிலேயே சிரித்தார். புத்தகம் வந்தது. எனக்கும் வேலைக்கு ஆர்டர் வந்து, திருநெல்வேலிக்குக் கிளம்புகிற நாள் வந்தது. பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கினேன். அம்மா போனில் இருந்தார். "சரிங்க பாய், சரிங்க பாய்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"ஏங்க, அவருக்கு அடுத்தது வேணுமாம். இப்பவே ஆரம்பிக்கச் சொல்றாரு."

சார் மடித்துக்கொண்டிருந்த பேப்பரை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "இந்தத் தடவ நான் யாரும்மா?"

அம்மா யோசித்தார். "பொணம்."

அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு ஹால் நடுவில் மல்லாக்கப் படுத்தார். கண்ணை மூடினார். உடனே ஒரு கண்ணைத் திறந்து, "தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க. எந்திரிச்சு வழியனுப்ப முடியல, கோவிச்சுக்காதீங்க" என்றார்.

"பொணம் பேசாது!"

"சரிம்மா."

"சிரிக்கவும் சிரிக்காது!"

அதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை.